மின்பெட்டியில் பொரித்த வைரம்

போன இதழில் மூக்குத்தி பற்றி நான்கு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூக்குத்தியை விட்டுவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கின்றன: "லேப் வைரம் வாங்கலாமா, கூடாதா?" லேப் வைரம் என்றால் பூமியில் தோண்டாமல் ஆய்வகத்தில் வளர்த்த வைரம். அதனால் இந்த முறை அதற்கு மட்டுமே பதில். திருச்சி பெரிய கடைவீதியில் 31 வருடம் லூப் என்ற சின்னப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கல் தரம் பார்த்தவள் நான். இப்போது எந்தக் கடையிலும் எனக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே வாய் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

மகளுக்குத் தை மாதம் கல்யாணம். வைரத் தோடு போடுவதாகச் சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டோம். கடையில் ஒரே அளவுக் கல்லை இரண்டு தட்டில் வைத்துக் காட்டினார்கள். ஒன்றின் விலை மற்றதில் கால்வாசிகூட இல்லை. "அது லேப் க்ரோன்மா, எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார் சேல்ஸ்மேன். போலியைப் போட்டு அனுப்பிவிட்டு நாளைக்குப் பேச்சு வாங்க வேண்டியிருக்குமோ?
– வாசகி, நாகர்கோவில்

போலி இல்லை. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். கோழி அடைகாத்துப் பொரித்தாலும் பண்ணையில் மின்பெட்டியில் வைத்துப் பொரித்தாலும் குஞ்சு குஞ்சுதான். இரண்டும் கீச்சென்றுதான் கத்தும். ஆனால் சந்தையில் நாட்டுக்கோழிக்கு ஒரு விலை, பிராய்லருக்கு ஒரு விலை என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்தக் கணக்குத்தான் இங்கேயும்.

வைரம் என்பது கார்பன். நம் அடுப்புக்கரியின் அதே சரக்கு, அணுக்கள் மட்டும் வேறு விதமாக, இடுக்கில்லாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. பூமிக்கு அடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே, அழுத்தத்திலும் வெப்பத்திலும் அந்த அடுக்கு தானாக நடந்தது. இயற்கை வைரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வயது நூறு கோடி வருடத்துக்கு மேல். ஆய்வகத்தில் அதே அடுக்கை இரண்டு வழியில் செய்கிறார்கள்.

பழைய வழி, பூமியையே காப்பியடிப்பது. சுமார் 1,400 டிகிரி வெப்பம், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐம்பதாயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம். உருகிய இரும்பு, நிக்கல் போன்ற உலோகத்தில் கார்பன் கரைந்து, சின்ன விதை வைரத்தின் மேல் போய்ப் படியும். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் டிரேசி ஹால் என்பவர் 1954 டிசம்பரில் இதைச் செய்துகாட்டினார். கம்பெனி அவருக்குக் கொடுத்த பரிசு 10 டாலர் சேமிப்புப் பத்திரம்! (ஸ்வீடனில் ஒரு கம்பெனி அதற்கு முந்தைய வருடமே செய்துவிட்டு, வெளியே மூச்சு விடாமல் இருந்துவிட்டது.)

இரண்டாவது வழியைத்தான் இப்போது சூரத்தில் அதிகம் பார்க்கலாம். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு பெட்டி. உள்ளே விரல்நகத்தைவிட மெல்லிய வைரச் சில்லுகளை வரிசையாக வைத்து, மீத்தேனும் ஹைட்ரஜனும் விட்டு, மைக்ரோவேவால் சூடேற்றுகிறார்கள். வாயு ஊதா நிறத்தில் ஒளிரும். மீத்தேனிலிருந்து பிரிந்த கார்பன் சில்லின் மேல் அணு அணுவாக இறங்கும். சில வாரங்களில் சில்லு கட்டியாகிவிடும். அதை அறுத்து, மற்ற வைரம் போலவே பட்டை தீட்ட வேண்டியதுதான்.

ஆகவே தாராளமாகப் போடுங்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போடுங்கள். "இது லேப் வைரம், இந்த விலை" என்று சம்பந்தியம்மாளிடம் நிச்சயத்துக்கு முன்பே நீங்களே சொல்லிவிட்டால் பேச்சு அன்றோடு முடிந்தது. மூன்று வருடம் கழித்து அவர்களாக ஒரு கடையில் போய்த் தெரிந்துகொண்டால், அது பேரன் காதுகுத்து வரை ஓடும். பில்லிலும் வெறும் 'டைமண்ட்' என்று எழுத விடாதீர்கள். 'லேப் க்ரோன் டைமண்ட்' என்று முழுசாக இருக்க வேண்டும்.

எழுபதுகளில் நானும் கல் தீட்டியவன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சாணை ஓடியது. இன்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் இந்த லேப் வைரம், நாம் அன்றைக்கே செய்த 'திருச்சி வைரம்'தானே?
– வாசகர், திருச்சி

அண்ணா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் அப்பாவும் அந்தச் சாணையில்தான் எங்களை வளர்த்தார். குச்சி முனையில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சாணைத் தட்டில் அழுத்தி, காதால் கேட்டே பட்டை சரியா என்று சொல்வார். வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் ரேகையே இருக்காது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் மெஷின் அந்தக் காலத்தில் வந்திருந்தால் எங்கள் வீட்டுக்கு அரிசி கிடைத்திருக்காது.

ஆனால் கேள்விக்குப் பதில்: இல்லை, அது வேறு, இது வேறு. திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலும் நாம் தீட்டியது வைரம் போலத் தெரியும் கல். வைரம் அல்ல. முதலில் செயற்கை மாணிக்கம், வெள்ளைக் கல் எல்லாம் வந்தன. எழுபதுகளின் கடைசியில் கியூபிக் சிர்கோனியா உலகமெங்கும் பரவியது. நம்மூர்க் கடைகள் அதற்கு 'அமெரிக்கன் டைமண்ட்' என்று பெயர் வைத்தன. அது சிர்கோனியம் ஆக்சைடு. கார்பன் ஒரு துளிகூட அதில் இல்லை. ஒரே அளவில் வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். வாங்கிய புதிதில் வைரத்தைவிட அதிகமாகவே வண்ணம் சிதறும். நாலு வருடம் போட்டால் முனைகள் மழுங்கி, கழுவாத கண்ணாடி போல ஆகிவிடும். லேப் வைரம் அப்படி மழுங்காது. இயற்கை வைரத்துக்கு என்ன கடினமோ அதே கடினம்.

நம் சாணைகள் நின்றது லேப் வைரத்தால் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். சீனாவிலிருந்து மெஷினில் தீட்டிய கல் மூட்டை மூட்டையாக வந்தபோதே நின்றுவிட்டது. அப்பா கடைசியில் தீட்டிய கற்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் என்னிடம் இருக்கின்றன. எடைக்குப் போட்டால் ஒரு டீ கிடைக்காது.

2021-இல் ஒரு காரட் லேப் வைர மோதிரம் வாங்கினேன். கல்லுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தேன். இப்போது அதே கடையில் அதே தரத்துக் கல் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்று போனால், "லேப் கல்லுக்கு பைபேக் இல்லை மேடம், தங்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, கோயம்புத்தூர்

வாங்கும்போது 'பைபேக் உண்டு' என்று வாயால் சொல்லியிருந்தால் ஏமாற்றினார்கள். எதுவும் சொல்லாமல் இருந்தால் நீங்கள் கேட்காமல் இருந்தீர்கள். இரண்டில் எது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

விலை விழுந்ததில் மர்மம் எதுவும் இல்லை. எத்தனை பெட்டி வைத்தாலும் அத்தனை வைரம் வளரும் என்றால் விலை எப்படி நிற்கும்? நூறு வருடத்துக்கு மேல் இயற்கை வைரத்தைக் கையில் வைத்திருந்த டி பியர்ஸ் கம்பெனியே 2018-இல் 'லைட்பாக்ஸ்' என்ற பெயரில் லேப் வைரம் விற்க வந்தது. காரட்டுக்கு 800 டாலர் என்று ஒரே விலை போட்டது. இது ஃபேஷன் நகை, சொத்து இல்லை என்று ஜனங்கள் மனதில் பதிய வைப்பதுதான் அதன் நோக்கம் என்று எங்கள் வட்டாரத்தில் அன்றே பேசிக்கொண்டோம். சந்தை விலை அந்த 800-ஐயும் தாண்டிக் கீழே போனது. 2025 மே மாதம் அந்தக் கடையையே மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். விலையை இறக்க வந்தவனையே விலை இறக்கிவிட்டது.

ஆனால் அம்மணி, ஒன்று கேட்கிறேன். அந்தப் பணத்துக்கு இயற்கை வைரமே வாங்கியிருந்தால் அப்படியே திரும்பியிருக்குமா? விற்க வந்தவர்களுக்கு எதிரே 31 வருடம் உட்கார்ந்தவள் சொல்கிறேன், திரும்பியிருக்காது. அதே கடையில் வேறு நகைக்கு மாற்றினால் ஓரளவு கழித்துக்கொள்வார்கள். காசாகக் கேட்டால் முகம் மாறும். வேறு கடைக்குப் போனால் கல்லைப் பார்க்கவே மாட்டார்கள். மகன் காலேஜ் ஃபீஸுக்காகத் தோட்டைக் கழற்றிக்கொண்டு வந்த ஒரு டீச்சரிடம் கடை சொல்லச் சொன்ன விலையை நான் சொன்னேன். அவர் பில்லை எடுத்து மேஜையில் வைத்தார். பில்லில் இருந்ததில் பாதிகூட இல்லை. நான் என் லூப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க.

தங்கம் மாதிரி வைரத்துக்குத் தினமும் காலையில் ஒரு விலை வருகிறதா? இல்லையே. 'வைரம் என்றென்றும்' என்ற விளம்பர வரி 1947-இல் ஒரு அமெரிக்க விளம்பரக் கம்பெனியில் டி பியர்ஸுக்காக எழுதியது. அந்த ஒரு வரியின் வேலை, வாங்கியவர் விற்க வராமல் பார்த்துக்கொள்வது. லேப் வைரம் வந்து செய்ததெல்லாம், பழைய வைரத்துக்கும் உண்டான இந்த ஓட்டையைப் பெரிதாக்கிக் காட்டியதுதான்.

மோதிரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கல் அப்படியேதான் மின்னுகிறது, இல்லையா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது யாரும் கேட்காதது. கல் நகை வாங்கும்போது பில்லில் மொத்த எடை, தங்கத்தின் நிகர எடை இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். ஐந்து காரட் ஒரு கிராம். ஒரு நெக்லஸில் 5 காரட் கல் இருந்தால் மொத்த எடையில் ஒரு கிராம் கழிய வேண்டும். கழிக்காவிட்டால் கல்லுக்கும் தங்க விலை கொடுக்கிறீர்கள், வைர விலையும் கொடுக்கிறீர்கள். கால்குலேட்டர் போனிலேயே இருக்கிறது. வெட்கப்படாமல் எடுங்கள்.

லேப் வைரமா, இயற்கை வைரமா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? மூச்சை ஊதிப் பார்ப்பது, தண்ணீரில் போடுவது, பேப்பர் எழுத்தின் மேல் வைத்துப் பார்ப்பது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– வாசகர், சென்னை-100

ஊதினால் உங்களுக்கு மூச்சு வாங்கும். அவ்வளவுதான்.

அந்தச் சோதனைகள் எல்லாம் கண்ணாடியையும் அமெரிக்கன் டைமண்டையும் பிரிக்க ஏதோ கொஞ்சம் உதவும். லேப் வைரம் வைரமே ஆனபடியால், வைரம் செய்வதையெல்லாம் அதுவும் செய்யும். கடையில் பேனா மாதிரி ஒன்றைக் கல்லில் தொட்டு 'பீப்' சத்தம் கேட்க வைப்பார்கள். அது கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்று பார்க்கும் கருவி. இயற்கைக்கும் 'பீப்', லேபுக்கும் 'பீப்'. அதைவிட மோசம், மொய்ஸனைட்டுக்கும் 'பீப்' அடித்துவிடும். மொய்ஸனைட் என்பது சிலிக்கன் கார்பைடு, வைரமே இல்லை. லூப்பில் சாய்த்துப் பார்த்தால் அடிப்பட்டைகளின் விளிம்பு இரட்டையாகத் தெரியும், அதை வைத்து நாங்கள் பிடிப்போம்.

லேபையும் இயற்கையையும் என் லூப்பால்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கே கொஞ்ச நாள் பிடித்தது. பெரிய கருவி வேண்டும். இயற்கை வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் கலந்திருக்கும். லேப் வைரத்தில் அநேகமாக இருக்காது. கருவி முதலில் அதைத்தான் தேடும். புற ஊதா ஒளி காட்டி அணைத்தபின் சில லேப் கற்கள் இருட்டில் கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டிருக்கும். வளர்ந்த விதமும் தெரியும்: பெட்டியில் வளர்ந்தது அடுக்கு அடுக்காக, இட்லித் தட்டு போல.

உங்களுக்கு நடைமுறையில் உதவுவது சர்டிபிகேட்டும் கல்லின் இடுப்பும், அதாவது மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் விளிம்பும். பரிசோதனைக்கூடங்கள் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் சர்டிபிகேட் எண்ணைப் பொறிப்பார்கள். லேப் கல்லானால் அப்படி என்றும் சேர்த்துப் பொறிப்பது வழக்கம். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பைக் கடையில் கேட்டு வாங்கி, எண்ணை நீங்களே படியுங்கள். அந்த எண்ணைக் கூடத்தின் இணையதளத்தில் போட்டால் கல்லின் ஜாதகமே வரும். காட்ட மறுக்கும் கடையில் காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சர்டிபிகேட் விஷயத்தில் ஒரு மாற்றம். அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. என்ற பரிசோதனைக்கூடம் 2025 அக்டோபரிலிருந்து லேப் வைரத்துக்கு இயற்கைக் கல் போல நிறத்துக்கு டி, ஈ, எஃப் என்றும் சுத்தத்துக்குத் தனியாகவும் படி போட்டுத் தருவதை நிறுத்திவிட்டது. 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்ட்' என்று இரண்டே பிரிவு. மற்ற கூடங்களின் சான்றிதழில் பழைய முறையைப் பார்க்கலாம். குழம்ப வேண்டாம்.

சுக்கிர திசைக்கு வைரம் போடச் சொன்னார் ஜோசியர். லேப் வைரம் பலன் தராது என்கிறாரே? தோஷமும் கிடையாதாமே?
– வாசகி, மாயவரம்

பலனைப் பற்றி அவரிடமே கேளுங்கள். அவர் தொழிலில் நான் தலையிடுவதில்லை.

தோஷம் என்று கல்காரர்கள் சொல்வது குற்றத்தை. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை வீதிகளைச் சுற்றிப் பார்க்கும்போது ரத்தினக் கடைத்தெரு வருகிறது. அங்கே வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நான்கு குற்றம் சொல்லப்படுகிறது. காக்கைக்கால் போன்ற வெடிப்பு, கறை, புள்ளி, கோடு. நான் லூப்பில் தேடியதும் அதே நான்கைத்தான். லேப் கல்லிலும் அவை உண்டு. அழுத்தத்தில் வளர்த்த கல்லில் சில சமயம் உலோகத் துணுக்கு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பலமான காந்தத்தை அருகே கொண்டுபோனால் கல் அசைந்து வரும். அதற்கு எந்தக் கிரகம் பொறுப்பு என்று உங்கள் ஜோசியரைக் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

மாமியார் கொடுத்த ஏழு கல் தோடு இருக்கிறது. ப்ளூ ஜாகர் என்று சொல்வார். கல் சின்னது, பழைய கட்டு. அதைக் கொடுத்துவிட்டு அதே காசுக்குப் பெரிய லேப் வைரமாக வாங்கலாம் என்கிறாள் மகள். செய்யலாமா?
– வாசகி, மதுரை

கூடாது. மகளிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

'ஜாகர்' என்பது தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபோன்டைன் என்ற ஊரின் பெயர், நம் பாட்டிகள் வாயில் சுருங்கியது. அங்கே தோண்டிய கல்லில் வெயிலில் பிடித்தால் இளநீலம் ஓடும். 1893-இல் 995 காரட்டில் 'எக்ஸெல்சியர்' என்ற ராட்சசக் கல் கிடைத்ததும் அங்கேதான். 1971-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் நம்மூரில் மூடவில்லை. எண்பதில் வாங்கியதையும் தொண்ணூறில் வாங்கியதையும் 'ப்ளூ ஜாகர்' என்றே காட்டுவார்கள், நானும் தலையாட்டியிருக்கிறேன். உங்கள் மாமியாருடையது அவருடைய மாமியார் வழி வந்திருந்தால் நிஜமாகவே இருக்க வாய்ப்பு உண்டு.

கொடுத்தால் என்ன ஆகும் என்று மேலே கோயம்புத்தூர்க்காரருக்குச் சொல்லிவிட்டேன். பழைய கட்டுக்குச் சின்னக் கல் என்று அடிமாட்டு விலை போடுவார்கள். புதுக் கல்லுக்கு முழு விலை. நாளைக்கு இரண்டும் போய்விடும்.

ஆனால் ஒன்று செய்யுங்கள். இரண்டு தோட்டிலும் சேர்த்துப் பதினாலு கல்லையும் ஒரு பரிசோதனைக்கூடத்தில் காட்டுங்கள். என் மாமியாருடைய தோடு என் கைக்கு வந்த அன்றிரவு, தொழில் புத்தி விடாமல், விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பதினாலில் பதிமூன்று நல்ல நீரோட்டம். இடது தோட்டின் கீழ்க் கல் மட்டும் மழுங்கியிருந்தது. அமெரிக்கன் டைமண்ட்! எப்போதோ திருகாணி மாற்றக் கொடுத்த இடத்தில் கை மாறியிருக்கிறது. மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். 'என் தோடு எப்படி?' என்று கேட்டார். 'நல்ல கல்லும்மா' என்றேன். அவர் காலமானபின் அந்த ஒரு குழியில் ஒரு சின்ன லேப் வைரத்தைக் கட்டச் சொன்னேன். ஆசாரி, 'எந்தக் குழின்னு குறிச்சு வைக்கவா?' என்று கேட்டார். குறித்து, பெட்டிக்குள் சீட்டும் வைத்திருக்கிறேன்.

சுரங்க வைரம் ரத்தக் கறை படிந்தது, லேப் வைரம் பசுமையானது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், சேலம்

முதல் பாதியில் உண்மை உண்டு. ஆப்பிரிக்க உள்நாட்டுப் போர்களுக்கு வைரம் காசு கொடுத்தது. அதைத் தடுக்க 2003-இல் கிம்பர்லி சான்று முறை வந்தது. கிளர்ச்சிப் படைகளின் வைரத்தை அது பார்க்கும். தொழிலாளியின் கூலியைப் பார்க்காது. யாகர்ஸ்ஃபோன்டைனிலேயே 2022 செப்டம்பரில் பழைய சுரங்கக் கழிவுத் தேக்கம் உடைந்து சேறு வீடுகளுக்குள் புகுந்தது.

இரண்டாம் பாதியை அப்படியே விழுங்காதீர்கள். பெட்டி வாரக்கணக்கில் மின்சாரம் குடிக்கிறது. அந்த மின்சாரம் நிலக்கரியில் வந்ததா, வெயிலில் வந்ததா என்பதுதான் கேள்வி. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2019-இல் எட்டுக் கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியது. 2023 ஜூனில் நம் பிரதமர் அமெரிக்க அதிபரின் மனைவிக்கு 7.5 காரட் லேப் வைரம் பரிசளித்தபோது, சூரிய, காற்று மின்சாரத்தில் வளர்த்தது என்றார்கள். எல்லாப் பெட்டிக்கும் அப்படியா? கடையில் கேளுங்கள். சேல்ஸ்மேன் மேனேஜரைக் கூப்பிடுவார்.

மகன் இயற்பியல் படிக்கிறான். இந்தத் துறையில் எதிர்காலம் உண்டா?
– வாசகர், ஈரோடு

நகையில் தேடச் சொல்லாதீர்கள். வைரம் தாமிரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். எலெக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு அதில்தான் கண். 2023 பட்ஜெட்டுக்குப் பின் சென்னை ஐ.ஐ.டி.யில் லேப் வைரத்துக்கென்றே ஒரு ஆராய்ச்சி மையம் அமைக்க ஐந்து வருடத்துக்குச் சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வைரம் வளர்க்கும் பெட்டியையும் விதையையும் இங்கேயே செய்யப் பழகவேண்டும் என்பது திட்டம். அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

வைரத் தோட்டை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி? லேப் வைரத்துக்குத் தனி முறை உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

தனி முறை இல்லை. வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் உயிர். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயும் முகத்துக்குப் பூசும் கிரீமும் கல்லின் பின்பக்கம் ஏறி ஒளியை அடைத்துவிடும். 'கல் மங்கிவிட்டது' என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வெந்நீரே போதும். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், நாலு சொட்டு ஷாம்பு, கால் மணி நேரம் ஊறல், குழந்தைகளின் மெத்தென்ற பிரஷால் பின்பக்கமாகத் தேய்த்தல். பின்பக்கம் மூடிய பழைய கட்டாக இருந்தால் ஊற வைக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். எலுமிச்சையும் பற்பசையும் பக்கத்திலேயே வரக்கூடாது.

தோட்டைக் கிண்ணத்தில் போடுவதற்கு முன் சிங்க்கின் ஓட்டையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பிளம்பருக்கு 600 ரூபாய் கொடுத்துக் குழாயைக் கழற்றிய பிறகுதான் எனக்கே இது தெரிந்தது.